புதிய பிளாஸ்டிக் பியானோ கட்டைகள்: விளிம்பு கடித்தால், உரசினால், மங்கினால் என்ன செய்வது?

பியானோவின் 52 வெள்ளைக் கட்டைகளுக்கும் புதிய பிளாஸ்டிக் தகடு ஒட்டியாகிவிட்டது என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அச்சில் வார்த்து வரும் தகடு மரக்கட்டையைவிடக் கொஞ்சம் அகலமாகவே வரும். ஒவ்வொரு பியானோவிலும் மரத்தின் அகலம் சற்றே மாறும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மயிரிழை அளவை அரத்தால் எடுக்க வேண்டும். பிறகு பிசிறு நீக்கி, விளிம்பை மழுக்கி, மெருகேற்ற வேண்டும். விரலுக்கு விளிம்பே தட்டுப்படாத நிலை வரும்வரை வேலை இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தகட்டின் மேல்முகம் அச்சிலிருந்தே மெருகோடுதான் வருகிறது. உங்கள் உப்புத்தாளுக்கு அங்கே வேலை இல்லை. வேலை முழுவதும் பக்கங்களிலும் விளிம்புகளிலும்தான். இங்கே வரப்போகும் கோளாறுகளில் பலவும் அந்த மேல்முகத்தைத் தேவையில்லாமல் தேய்த்ததாலோ, தேய்க்கும்போது எழுந்த சூட்டாலோ வருபவை. அதனால் கோளாறு தெரிந்தவுடன் உப்புத்தாளைக் கையில் எடுக்காமல், கோளாறு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

தொடங்கும் முன்

கையில் இருப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்று மாற்றுத் தகடாகக் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக். பழைய பியானோவில் முன்பே யாரோ மாற்றியிருந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம். தகட்டின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அது எளிதில் தீப்பற்றும். அதை மெருகுச் சக்கரத்தில் வைக்கவே கூடாது. அதன் தூளைக் குவித்து வைப்பதும் ஆபத்து. அதற்குக் கையால் மெதுவாகத் தேய்ப்பது மட்டுமே வழி.

அடுத்தது ஈயம். கட்டையின் எடையைச் சமன் செய்வதற்காக மரத்தின் பக்கவாட்டில் துளையிட்டு ஈய வில்லைகளைப் பதித்திருப்பார்கள். பழைய ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், உப்புத்தாளும் போடாதீர்கள். பிளாஸ்டிக் தூளுக்காக எப்படியும் முகக்கவசம் போடத்தான் வேண்டும். ஈயம் இருக்கும் இடத்தில் அதோடு கையுறையும் சேரட்டும்.

மூன்றாவது, பொறுமை. தகடு ஒட்டி ஒரு முழு நாளாவது கழியாமல் அரத்தைத் தொடாதீர்கள். பசை காயும் முன் பக்கத்தை அராவினால் தகடு மயிரிழை நகரும். நகர்ந்த தகட்டுக்கு ஏற்ப அராவி முடித்த பிறகு அதை நேராக்க வழியில்லை.

விளிம்பு விரலைக் கடிக்கிறது

அதிகம் கேட்கும் குறை இது. ஒரு ஸ்வரத்தை மட்டும் தட்டும்போது தெரியாது. விரலை வரிசையாக இழுத்து வாசிக்கும்போதும், கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக்கு வழுக்கி இறங்கும்போதும், கட்டைவிரல் அடியில் புகுந்து போகும்போதும் தெரியும்.

காரணம் இரண்டில் ஒன்று. விளிம்பில் பிசிறு நிற்கலாம். அல்லது பிசிறு போயும் விளிம்பு கத்திபோல் செங்கோணமாக நிற்கலாம். இரண்டையும் பிரித்தறியக் கொஞ்சம் பஞ்சு போதும். பஞ்சை விளிம்பின் மேல் லேசாக இழுங்கள். இழைகள் சிக்கி நின்றால் பிசிறு. சிக்காமல் போயும் விரலுக்கு உறுத்தினால் கூர்மை.

பிசிறுக்கு அரம் வேண்டாம். அரம் ஒரு பக்கத்துப் பிசிறை எடுத்து மறுபக்கத்தில் புதுப் பிசிறை உண்டாக்கும். ஒருபக்கம் மட்டும் கூருள்ள தடித்த பிளேடை எடுத்து, விளிம்புக்குச் செங்குத்தாக நிறுத்தி, நீங்கள் இழுக்கும் திசையிலேயே சற்றுச் சாய்த்து, கட்டையின் நீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும். சரியாகச் செய்தால் மெல்லிய சுருள் ஒன்று விடாமல் வரும். தூளாக வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. பிளேடு அதிர்ந்து விளிம்பில் பற்கள்போல் தடம் விழுந்தால் அழுத்தம் அதிகம், அல்லது சாய்வு போதவில்லை.

கூர்மைக்கு மருந்து மழுக்கல். அதே பிளேடை 45 பாகைச் சாய்வில் பிடித்து ஓரிரு முறை இழுங்கள். பிறகு 400 எண் உப்புத்தாளை (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) ஒரு சிறு மரத்துண்டில் சுற்றி, அந்தச் சாய்வை வளைவாக மாற்றுங்கள். எவ்வளவு மழுக்குவது? அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக. இதில் கைதாராளம் வேண்டாம். அதிகம் மழுக்கினால் கட்டைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு மேலிருந்து பார்க்கையில் அகலமாகத் தெரியும். வரிசை முழுவதும் பல் இடைவெளி விட்டதுபோல் ஆகிவிடும்.

எல்லா விளிம்பும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். நீளவாட்டு விளிம்புகளில் விரல் பக்கவாட்டில் கடக்கிறது. அங்கே சீரான சிறிய வளைவு போதும். முன்பக்கத்து உதட்டை, அதாவது தகட்டின் முன்னால் நீண்டு நிற்கும் ஓரத்தை, விரல் நுனியும் சில சமயம் நகமும் தொடுகின்றன. அங்கே வளைவு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். முன் மூலைகள் இரண்டும்தான் உண்மையில் தோலைக் கிழிப்பவை. மூலையை மூன்று திசையிலும் தொட்டு உருட்டுங்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலின் பின்புறத்தை ஓட்டிப் பாருங்கள். விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். பின்புறத் தோலுக்கு மிகச் சிறிய கூர்மையும் தெரிந்துவிடும்.

பக்கத்துக் கட்டையோடு உரசுகிறது

ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் கொஞ்சம் அசைகிறது, அல்லது விடும்போது 'டிக்' என்று சன்னமாகச் சத்தம் வருகிறது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்கின்றன.

இங்கே கொஞ்சம் கணக்கு உதவும். ஓர் எண்மத்தின் (ஆக்டேவ்) ஏழு வெள்ளைக் கட்டைகளுக்கும் சேர்த்து சுமார் 165 மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் 23.5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கட்டையின் தலைப்பகுதி 22.5 அளவில் இருந்தால் இடுக்குக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மிஞ்சும். தகடு இரண்டு பக்கமும் கால் மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தாலே பாதி இடுக்கு போய்விடும்.

ஆனால் உரசல் என்றவுடன் அராவ ஆரம்பிக்காதீர்கள். கட்டையைத் தாங்கும் சட்டத்தில் வழிகாட்டும் ஊசிகள் இருக்கின்றன. அவை சற்று வளைந்திருந்தாலும் கட்டை ஒருபக்கம் சாய்ந்து உரசும். சோதனை எளிது: கட்டையை வெளியே எடுத்து, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை மரத்தின் பக்கத்தில் செங்குத்தாக வைத்து, தகடு தள்ளி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தகடும் மரமும் ஒரே தளத்தில் இருந்தால் குற்றம் ஊசியில். ஊசி கோணியிருந்தால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். தகட்டை அராவினால் ஒருபக்கம் ஒடுக்கமான கட்டைதான் மிஞ்சும்.

தகடுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று உறுதியானால், மரத்தின் பக்கத்தில் மேல் விளிம்பை ஒட்டி பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு போடுங்கள். கட்டையை ஃபெல்ட் துணி ஒட்டிய வைஸ் என்னும் பிடிகருவியில் பக்கவாட்டாகப் பிடித்து, ஒற்றை வெட்டுப் பல் கொண்ட தட்டை அரத்தால் நீளவாட்டில் அராவுங்கள். அரம் எப்போதும் பிளாஸ்டிக்கிலிருந்து மரத்தை நோக்கி அழுத்த வேண்டும். மரத்திலிருந்து பிளாஸ்டிக்கை நோக்கித் தள்ளினால் தகட்டின் விளிம்பைப் பசையிலிருந்து மேலே கிளப்பிவிடும். பென்சில் கோடு அழியத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் போவது மரம். மரம் போனால் திரும்பி வராது. கட்டையும் நிரந்தரமாக ஒடுங்கிவிடும்.

எல்லாக் கட்டைகளையும் சட்டத்தில் திரும்ப வைத்த பிறகு, ஒரு தடித்த அட்டைத் துண்டை ஒவ்வோர் இடுக்கிலும் செருகி இழுத்துப் பாருங்கள். எங்கும் ஒரே இறுக்கத்தில் போக வேண்டும்.

முன்பக்கம் வேறு விதமாகவும் சிக்கும். அழுத்திய கட்டை மேலே வரத் தயங்கினால், தகட்டின் முன்முகம் கட்டைகளுக்கு முன்னால் நீளமாக ஓடும் மரப்பட்டியைத் தொடுகிறதா என்று பாருங்கள். முன்முகமும் சேர்ந்து ஒரே வார்ப்பாக வரும் தகடுகளில் இது நடக்கும். பழைய முன்முகத்தை எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். இதற்கு அராவல் மருந்தல்ல. தகட்டைக் கழற்றி, பழைய முன்முகத்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்ட வேண்டும்.

அரத்தில் பிளாஸ்டிக் அப்பிக்கொள்கிறது, விளிம்பு உருகி இழுபடுகிறது

சூடு. அக்ரிலிக் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும். உங்கள் கைக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம். அரத்தின் பல் தொடும் இடத்தில் அந்தச் சூடு கணநேரத்தில் வந்துவிடும். இளகிய பிளாஸ்டிக் பல்லிடுக்கில் அப்பிக்கொள்கிறது. அப்பிய அரம் வெட்டாமல் தேய்க்கிறது. தேய்ப்பதால் இன்னும் சூடு. அழுத்த அழுத்த நிலைமை மோசமாவது இதனால்தான்.

அழுத்தத்தைக் குறையுங்கள், ஓட்டத்தை நீளமாக்குங்கள், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். அரத்தின் பற்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் பிளாஸ்டிக் அவ்வளவாக ஒட்டாது. அடிக்கடி கம்பித் தூரிகையால் பல்லின் திசையிலேயே சீவிச் சுத்தம் செய்யுங்கள். நாலைந்து கட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு மாறி மாறி அராவினால் ஒவ்வொன்றும் ஆற நேரம் கிடைக்கும்.

இழுபட்ட விளிம்பை எப்படிச் சரிசெய்வது? உருகி வழிந்து நிற்பதை நகத்தால் பிய்க்காதீர்கள். கூடவே நல்ல பிளாஸ்டிக்கும் செதிலாக வரும். முழுவதும் ஆறவிட்டு, பிளேடால் சுரண்டி எடுங்கள். மின்சார பெல்ட் தேய்ப்பானை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கைதேர்ந்தவர்கள் அதில் அழகாகச் செய்கிறார்கள். ஆனால் ஒரு நொடித் தயக்கத்தில் தகடு உருகுவதோடு மரமும் குழிந்துவிடும்.

பக்கம் வெண்மையாக மங்கி நிற்கிறது

அராவிய பக்கம் பனி படிந்ததுபோல் இருக்கிறது, எவ்வளவு மெருகுப் பசை தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை. மெருகுப் பசையின் மேல் தப்பில்லை. கீழே ஆழமான கீறல்கள் கிடக்கின்றன. நடுவில் ஏதோ ஓர் எண் உப்புத்தாளைத் தாவிவிட்டீர்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் பாருங்கள். நீளமான இணைகோடுகள் தெரிந்தால் அவை அரத்தின் தடம். 320-க்குத் திரும்ப வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் தெரிந்தால் 600 போதும். அங்கிருந்து 800, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் தேய்க்கும் திசையைக் கொஞ்சம் மாற்றுங்கள். முந்தைய எண்ணின் கீறல் ஒரு திசையிலும் புதியது வேறு திசையிலும் இருப்பதால், பழையது முழுவதும் அழிந்ததா என்று கண்ணுக்கே தெரியும். அழியாமல் அடுத்த எண்ணுக்குப் போனால் நேரம்தான் வீண்.

எண் மாறும்போது கட்டையையும் கையையும் துடைத்துக்கொள்ளுங்கள். 400-இன் ஒரேயொரு மணல் துகள் 1500 தாளில் ஒட்டிக்கொண்டால் அதுவரை செய்த வேலை முழுவதும் போய்விடும்.

ஈரத்தோடு தேய்த்தால் சூடும் தூளும் குறையும். மெருகும் நன்றாக வரும். ஆனால் கீழே இருப்பது மரம். தண்ணீர் மரத்தில் ஏறினால் உப்பும். ஊசித் துளைகளில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி வீங்கிக் கட்டை இறுகும். தண்ணீரில் இளகும் பசையாக இருந்தால் ஒட்டும் விட்டுப்போகும். ஆகவே உப்புத்தாளின் மேல் சோப்பு கலந்த தண்ணீர் சில துளிகள் மட்டும். கட்டையின் மேல் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பக்கம் எவ்வளவு பளபளக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். விரல் தொடும் மேல் விளிம்புக்கு 2000 வரை போவது அவசியம். அதற்குக் கீழே இடுக்குக்குள் மறைந்திருக்கும் பகுதிக்கு 600 வந்தாலே போதும் என்பது என் கருத்து. அங்கே செலவிடும் நேரத்தை மூலைகளுக்குக் கொடுங்கள்.

மேல்முகத்தில் கீறல் விழுந்துவிட்டது

அரம் வழுக்கியோ, மேசையில் கிடந்த தூளின் மேல் கட்டையைக் கவிழ்த்தோ விழுந்திருக்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் சிக்கவில்லை என்றால் உப்புத்தாளே வேண்டாம். பிளாஸ்டிக்குக்கான மெருகுப் பசையை மென்துணியில் எடுத்துக் கையால் தேய்த்தாலே போய்விடும்.

நகம் சிக்கினால் 1000-இல் தொடங்கி ஏறுங்கள். தாளை விரலில் வைத்துத் தேய்க்காதீர்கள். தட்டையான சிறு மரத்துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கீறல் இருக்கும் இடத்தை மட்டும் தோண்டாமல் நீளவாட்டில் பரவலாகத் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் தோண்டினால் கீறல் போய் அங்கே ஒரு குழி மிஞ்சும். சன்னல் வெளிச்சம் அதன் மேல் விழும்போது பிம்பம் நெளியும்.

அதைவிட நல்லது, வராமல் காப்பது. அராவும் முன் மேல்முகம் முழுவதும் எளிதில் உரியும் ஒட்டுத்தாள் பட்டையை ஒட்டிவிடுங்கள். பட்டையின் ஓரம் தகட்டின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே நிற்கட்டும்.

மெருகுச் சக்கரத்துக்குப் பிறகு மேற்பரப்பு அலை அலையாக இருக்கிறது

சக்கரம் தேவைக்கு மேல் வேகமாகச் சுழன்றது, அல்லது கட்டை ஒரே இடத்தில் நின்றது. தைத்து இறுக்காத தளர்ந்த பருத்திச் சக்கரம் வேண்டும்; அரவைக்கல் மோட்டாரின் முழு வேகம் இதற்கு அதிகம். கட்டை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தகட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு தெரிகிறது என்றால் உடனே எடுத்து ஆறவையுங்கள்.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயம் இருக்கிறது, இதைத் தயவுசெய்து கடைப்பிடியுங்கள். சக்கரம் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடும்படி கட்டையைப் பிடிக்க வேண்டும். விளிம்புக்கு எதிராகச் சுழன்று வந்தால் சக்கரம் முன் உதட்டைப் பற்றி இழுக்கும். தகடு பெயரும், அல்லது கட்டையே கையிலிருந்து பறந்து போகும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சக்கரத்தின் முன் நிற்காதீர்கள்.

அலை லேசாக இருந்தால் தட்டையான மரத்துண்டில் சுற்றிய 1000, 1500, 2000 தாள்களால் சமன்செய்து, கையால் மெருகேற்றுங்கள். மூலைகள் உருண்டு ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று ஆகிவிட்டால் திருத்த வழியில்லை. அந்தத் தகட்டை மாற்றுங்கள்.

கறுப்புக் கட்டைக்கான வெட்டுவாயில் சிக்குகிறது

வெள்ளைத் தகட்டில் கறுப்புக் கட்டை வந்து நிற்பதற்காக ஒரு வெட்டு இருக்கும். தகட்டை நீளவாட்டில் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ ஒட்டிவிட்டால் கறுப்புக் கட்டையின் முன்சரிவு அங்கே தொடும். கறுப்புக் கட்டையின் பக்கத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதே அடையாளம்.

வெட்டுவாயை ஊசி அரத்தால்தான் திறக்க வேண்டும். நேர்ப்பகுதிகளுக்குத் தட்டை ஊசி அரம், உள்மூலைக்கு உருண்டை ஊசி அரம். உள்மூலையை ரம்பத்தாலோ கத்தியாலோ கூராக வெட்டாதீர்கள். கூரான உள்மூலையில் அழுத்தம் குவியும்; என்றோ ஒருநாள் அங்கிருந்து குறுக்கே வெடிப்பு ஓடும். சிறிய வளைவு விட்டால் அந்த ஆபத்து குறைகிறது. பென்சில்மேல் சுற்றிய 600 தாள் உள்மூலையை முடிக்கப் போதும்.

சில நாளில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன

வேலை முடிந்தபோது கண்ணாடிபோல் இருந்தது. பிறகு பார்த்தால் விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளிக் கோடுகள். நகத்துக்குத் தட்டுப்படவில்லை, மெருகுக்கும் போகவில்லை. கட்டையைச் சாய்த்துப் பார்த்தால் கோடுகள் மின்னுகின்றன, மறைகின்றன. கீறல் மேலே இருக்கும். இவை உள்ளே இருக்கின்றன.

வார்க்கும்போதும் அராவும்போதும் சூடாகும்போதும் அக்ரிலிக்குக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. அந்த நிலையில் ஆல்கஹால், அசிட்டோன், கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவம், சிலவகைக் கரைப்பான் பசை ஆகியவற்றில் ஏதாவது பட்டால், இழுபட்டு நிற்கும் இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் திறந்துகொள்ளும். அராவி முடித்த கையோடு 'சுத்தமாக இருக்கட்டும்' என்று ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பதுதான் பலமுறை இதற்குக் காரணம். கிருமிநாசினி பூசிய கை ஈரம் உலரும் முன் கட்டையைத் தொடுவதும் நல்லதல்ல.

வந்த வெடிப்புக்கு மருந்து இல்லை. தேய்த்து எடுக்கப் பார்த்தால் வெடிப்பின் ஆழம்வரை தகடு மெலியும். ஓரிரு கட்டையில் வந்தால் மாற்றுங்கள். எல்லாவற்றிலும் வந்தால் துடைத்த திரவத்தையும் பசையையும் சந்தேகியுங்கள். அவற்றை மாற்றாமல் புதுத் தகடு ஒட்டினால் புதுத் தகட்டிலும் வரும்.

துடைக்கச் சோப்பு நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும். பிதுங்கி வழிந்த பசை முழுவதும் காயும் முன்பே மரக்குச்சியாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டினால் பெரும்பாலும் வந்துவிடும். காய்ந்ததை விளிம்புச் சுரண்டலோடு சேர்த்து எடுங்கள். எந்தத் திரவத்தைப் பயன்படுத்துவதானாலும் மிஞ்சிய ஒரு தகட்டை அராவி, அதன்மேல் தடவி, ஓரிரு நாள் வைத்துப் பார்த்த பிறகு கட்டைக்குக் கொண்டு வாருங்கள்.

கட்டை வரிசை மட்டமாக இல்லை

நீளமான ஸ்கேலை வரிசையின் மேல் வைத்தால் சில கட்டைகள் தூக்கியும் சில தாழ்ந்தும் நிற்கின்றன. இதை உப்புத்தாளால் சமன்செய்ய நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கட்டையின் உயரத்தை அமைப்பது நடுத்தாங்கி ஊசியின் அடியில் இருக்கும் காகித வட்டுகள். வட்டைச் சேர்த்தால் உயரும், எடுத்தால் தாழும். மேல்முகம் அப்படியே இருக்கும்.

வரிசை முழுவதுமே உயர்ந்துவிட்டது, கறுப்புக் கட்டைகள் புதைந்ததுபோல் தெரிகின்றன என்றால் அது தகட்டின் தடிமன் சார்ந்த கோளாறு. பழைய யானைத்தந்தத் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. பிளாஸ்டிக் தகடுகள் ஒன்றரை முதல் இரண்டேகால் மில்லிமீட்டர் வரை வருகின்றன. அந்த வித்தியாசத்தை ஒட்டும் முன்பே மரத்தில் சீவி எடுத்திருக்க வேண்டும். கறுப்புக் கட்டை வெள்ளையிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் எழுந்து நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே வாசிப்பவரின் கைக்குத் தெரியும். மேலே தேய்த்து இதைச் சரிக்கட்ட முடியாது. தகட்டைக் கழற்றி மரத்தைச் சீவுவதுதான் வழி.

முன் உதடுகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், மயிரிழை வித்தியாசத்தை நீளமான மரத்துண்டில் ஒட்டிய 320 தாளால் எடுக்கலாம். அதற்குமேல் இருந்தால் அந்தத் தகடு இடம் தவறி ஒட்டப்பட்டிருக்கிறது.

நகத்தால் தட்டினால் 'டொக்' என்கிறது

நன்றாக ஒட்டிய தகடு இறுக்கமான, தாழ்ந்த ஒலி தரும். ஓரிடத்தில் மட்டும் உள்ளீடற்ற ஒலி வந்தால் அங்கே பசை இல்லை. முன்பக்கத்தில் அப்படி இருந்தால் விளிம்பு வேலையைத் தொடராதீர்கள். அரம் படும்போதெல்லாம் தகடு துடித்து, விளிம்பு சீராக வராது. தகட்டைக் கழற்றி, மரத்தைச் சமன்செய்து, மறுபடி ஒட்டிய பிறகு அராவுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் விரல் வழுக்குகிறது

கண்ணாடி மெருகு எல்லோருக்கும் ஒத்துவராது. யானைத்தந்தம் வியர்வையைச் சற்று உறிஞ்சும், அக்ரிலிக் உறிஞ்சாது. வியர்க்கும் கைக்கு அதனால் வழுக்கல் தெரியும். முதலில் மெருகுப் பசையின் மெழுகு மிச்சமிருக்கிறதா பாருங்கள். சோப்பு நீர்த் துணியால் இரண்டு முறை துடைத்து உலர்த்தினாலே பாதி வழுக்கல் போய்விடும். மெழுகு கலந்த மரச்சாமான் பாலீஷ் எதையும் கட்டைகளில் தடவாதீர்கள்.

அதற்கும் அடங்காமல், வாசிப்பவரே கேட்டுக்கொண்டால் மட்டும் மேல்முகத்தின் பளபளப்பைக் குறைக்கலாம். தட்டையான மரத்துண்டில் சுற்றிய 2000 தாளால், நீளவாட்டில் மட்டும், எல்லாக் கட்டைக்கும் ஒரே எண்ணிக்கையில், ஒரே அழுத்தத்தில் இழுங்கள். முதலில் மிஞ்சிய ஒரு தகட்டில் செய்துகாட்டி, அவர் விரலால் தொட்டுப் பார்த்துச் சம்மதித்த பிறகு வரிசைக்குப் போங்கள்.